காந்தப் பாயக் கணக்கில் விடை பிசகினால்: அறிகுறி வழியே பிழை நீக்கும் முறை

சீரான காந்தப்புலத்தில் உள்ள ஒரு தட்டையான பரப்பின் வழியே செல்லும் காந்தப் பாயத்தை, அதாவது அப்பரப்பை ஊடுருவும் புலத்தின் மொத்த அளவைக் காண, புலத்தின் மதிப்பையும் பரப்பளவையும், புலத்துக்கும் பரப்பின் செங்குத்து வெக்டருக்கும் (பரப்புக்குச் செங்குத்தாக எழும் அம்புக்குறிக்கும்) இடைப்பட்ட கோணத்தின் கோசைனையும் பெருக்கினால் போதும். இந்தப் பெருக்கலில் யாரும் பெரிதாகத் தவறுவதில்லை. எந்தப் புலம், எந்தப் பரப்பு, எந்தக் கோணம் என்று தெரிந்தெடுக்கும் இடத்தில்தான் கணக்கு வழுக்குகிறது. அவ்வாறு வழுக்கும்போது தவறான விடையிலேயே அதன் தடயம் எஞ்சி நிற்கும். ஆகவே விடை பொருந்தவில்லை என்றால், முழுக் கணக்கையும் மறுபடி போடுவதற்கு முன், உங்கள் விடையைச் சரியான விடையால் வகுத்து அந்த விகிதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பிழைகளை அந்த ஒற்றை எண்ணே காட்டிக்கொடுத்துவிடும். சரியான விடை கையில் இல்லாத கணக்குகளுக்கு வேறு சோதனைகள் உண்டு. அவற்றையும் உரிய இடங்களில் சொல்கிறேன்.

அறிகுறி: விகிதம் 1.732 அல்லது 0.577 என்று வருகிறது

இது கோணம் மாறிப்போனதன் அடையாளம். 30 பாகைக்குப் பதில் 60 பாகையையோ, 60 பாகைக்குப் பதில் 30 பாகையையோ இட்டிருக்கிறீர்கள். விகிதம் 1.33 அல்லது 0.75 என்று வந்தாலும் நோய் இதுவே; அங்கே 37 பாகையும் 53 பாகையும் இடம் மாறியிருக்கும்.

காரணம் எளியது. வாய்ப்பாடு கேட்பது பரப்பின் செங்குத்து வெக்டருடன் புலம் அமைக்கும் கோணத்தை. வினா தருவதோ பெரும்பாலும் பரப்பின் தளத்துடன் புலம் அமைக்கும் கோணத்தை. எடுத்துக்காட்டாக, 0.02 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு தகட்டின் தளத்துடன் 0.5 டெஸ்லா புலம் 30 பாகை சாய்ந்திருக்கிறது என்று வினா சொன்னால், செங்குத்து வெக்டருடன் அது அமைக்கும் கோணம் 60 பாகை ஆகும். பாயம் 0.5 × 0.02 × 0.5 = 0.005 வெபர். வினாவில் கண்ட 30 பாகையை அப்படியே இட்டவருக்கு 0.00866 வெபர் கிடைக்கும்.

தளத்துடன் உள்ள கோணம் தரப்பட்டால் சைன், செங்குத்து வெக்டருடன் உள்ள கோணம் தரப்பட்டால் கோசைன் என்று மனப்பாடம் செய்பவர்கள் பலர். அது தவறில்லை என்றாலும் தேர்வு நெருக்கடியில் அது தலைகீழாகத்தான் நினைவுக்கு வரும். அதைவிட நம்பகமான வழி, தரப்பட்ட கோணத்தைச் சுழியாக்கிப் பார்ப்பது. தளத்துடன் உள்ள கோணம் சுழி என்றால் புலக்கோடுகள் தகட்டை ஒட்டியே ஓடுகின்றன, ஒன்றுகூட ஊடுருவுவதில்லை. ஆகவே பாயம் சுழியாக வேண்டும், அதைத் தருவது சைன் மட்டுமே. படம் வரையும்போது தகட்டின் நடுவிலிருந்து ஓர் அம்புக்குறியைச் செங்குத்தாக எழுப்பிவிட்டு, புலத்தின் அம்புக்குறியையும் அதே புள்ளியிலிருந்து தொடங்கி வரைந்தால் இந்தக் குழப்பமே எழாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. 45 பாகை கொண்ட கணக்கில் இந்தப் பிழை எந்த அறிகுறியையும் காட்டாது, ஏனெனில் அந்தக் கோணத்தில் சைனும் கோசைனும் ஒன்றே. 45 பாகைக் கணக்குகளை மட்டும் போட்டுப் பழகியவர், தவறான முறையிலேயே சரியான விடைகளைப் பெற்றுக்கொண்டிருக்கக்கூடும். பயிற்சிக்கு அதைவிடப் பயனற்ற கோணம் வேறில்லை.

அறிகுறி: எதிர்பாராத எதிர்க்குறியுடன், எதனோடும் பொருந்தாத ஓர் எண் வருகிறது

கால்குலேட்டர் ரேடியன் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். கோசைன் 90 என்று அழுத்தினால் சுழி வர வேண்டும்; −0.448 வந்தால் கருவி ரேடியனில் இருக்கிறது. அதே நிலையில் கோசைன் 60 என்பது 0.5 ஆக இராமல் −0.952 ஆக இருக்கும். கோணம் குறுங்கோணமாக இருந்தும் பாயம் எதிர்க்குறியில் வந்தால் முதலில் ஐயுற வேண்டியது இதைத்தான். சுழலும் சுருள் பற்றிய கணக்குகளில், கோண வேகத்தை நேரத்தால் பெருக்கிக் கோணம் காணும்போது மட்டும் ரேடியன் நிலையே சரி.

அறிகுறி: விகிதம் 10,000, 100 அல்லது 4

இவை பரப்பளவைக் கணக்கிட்ட இடத்தில் நேர்ந்தவை. ஒரு சதுர சென்டிமீட்டர் 10⁻⁴ சதுர மீட்டர். 25 சதுர சென்டிமீட்டரை மாற்றாமல் 25 என்றே இட்டால் விடை 10,000 மடங்கு பெருக்கும். சென்டிமீட்டருக்கு உரிய 100ஆல் மட்டும் வகுத்து 0.25 என்று இட்டால் 100 மடங்கு பெருக்கும். சரியான மதிப்பு 0.0025 சதுர மீட்டர். பக்க அளவையோ ஆரத்தையோ முதலில் மீட்டருக்கு மாற்றிவிட்டுப் பிறகு பரப்பு காண்பதை வழக்கமாக்கிக்கொண்டால் இந்த இரு பிழைகளும் ஒழியும். புலம் காஸ் அலகில் தரப்பட்டிருந்தாலும் 10,000 என்ற விகிதமே தோன்றும், ஏனெனில் ஒரு டெஸ்லா 10,000 காஸ். விகிதம் சரியாக 4 என்றால், வினா தந்த விட்டத்தை ஆரமாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

விடை தெரியாத கணக்கில் அளவின் பொருத்தத்தை வைத்து ஓரளவு சோதிக்கலாம். புவிப்பரப்பில் புவியின் காந்தப்புலம் ஏறத்தாழ 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரை இருக்கிறது. ஒரு சதுர மீட்டர் சட்டத்தின் வழியே அது அதிகமாகச் செலுத்தக்கூடிய பாயம் பத்தாயிரத்தில் ஒரு வெபருக்கும் குறைவு. மருத்துவமனைகளில் உள்ள எம்.ஆர்.ஐ. கருவிகளில் வழக்கமாக 1.5 அல்லது 3 டெஸ்லா புலம் இருக்கும், அத்தகைய 1.5 டெஸ்லா புலத்தில்கூட 4 சதுர சென்டிமீட்டர் வளையம் ஒன்றைச் செங்குத்தாக வைத்தால் கிடைப்பது 6 × 10⁻⁴ வெபர்தான். உள்ளங்கையளவு வளையத்துக்கு உங்கள் தாளில் பல வெபர்கள் வந்திருந்தால், வேறு எதையும் பார்க்கும் முன் அலகைப் பாருங்கள்.

அறிகுறி: விடை, சுற்றுகளின் எண்ணிக்கை அளவுக்குக் கூடியோ குறைந்தோ இருக்கிறது

ஒரு சுற்றின் வழியே செல்லும் பாயமும், சுருள் முழுவதற்குமான பாயத்தொடர்பும் வெவ்வேறு அளவுகள். 30 சதுர சென்டிமீட்டர் பரப்பும் 200 சுற்றுகளும் கொண்ட சுருள் 0.1 டெஸ்லா புலத்துக்குச் செங்குத்தாக இருந்தால், ஒவ்வொரு சுற்றின் வழியேயும் செல்லும் பாயம் 3 × 10⁻⁴ வெபர்; பாயத்தொடர்பு 0.06 வெபர்-சுற்று. வினா பாயத்தை மட்டும் கேட்டால் 200ஆல் பெருக்கக் கூடாது. மின்னியக்கு விசையை (பாயம் மாறுவதால் சுருளில் தூண்டப்படும் வோல்ட் அளவை) கேட்டால் பெருக்கியே ஆக வேண்டும், ஆனால் ஒரே ஒரு முறை.

வரிச்சுருளின் (குழாய் வடிவில் நெருக்கமாகச் சுற்றிய கம்பிச்சுருளின்) தன் மின்தூண்டல் எண்ணை, அதாவது ஓர் ஆம்பியருக்கு உரிய பாயத்தொடர்பைக் காணும்போது நிலைமை சற்று மாறும். அங்கே சுற்றுகளின் எண்ணிக்கை இரு முறை வருவது நியாயமே: புலத்தை உண்டாக்குவதில் ஒரு முறை, அந்தப் புலம் ஒவ்வொரு சுற்றையும் ஊடுருவுவதால் இன்னொரு முறை. ஆகவே அந்த வாய்ப்பாட்டில் எண்ணிக்கையின் இருமடி இருப்பதைக் கண்டு ஒன்றை நீக்கிவிட வேண்டாம்.

அறிகுறி: வரிச்சுருளைச் சூழ்ந்த பெரிய வளையத்துக்கு விடை மிகையாக வருகிறது

2 சென்டிமீட்டர் ஆரமுள்ள நீண்ட வரிச்சுருளுக்குள் 0.03 டெஸ்லா புலம் இருக்கிறது. அதைச் சுற்றி, அதே அச்சில், 5 சென்டிமீட்டர் ஆரமுள்ள கம்பி வளையம் ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. வளையத்தின் பரப்பளவைக் கொண்டு பெருக்கியவருக்கு 2.36 × 10⁻⁴ வெபர் கிடைக்கும். இது சரியான விடையைவிட 6.25 மடங்கு அதிகம், அதாவது ஆரங்களின் விகிதமான 2.5இன் இருமடி. நீண்ட வரிச்சுருளுக்கு வெளியே புலம் ஏறக்குறைய சுழி என்பதால், வளையத்துக்குள் அடங்கும் இடத்தில் பெரும்பகுதி வெறுமையாகவே இருக்கிறது. புலம் உண்மையில் நிறைந்திருக்கும் 2 சென்டிமீட்டர் ஆர வட்டமே இங்கு பரப்பு, பாயம் 3.77 × 10⁻⁵ வெபர். மாறாக, சிறிய வளையம் வரிச்சுருளுக்குள் இருந்தால் வளையத்தின் பரப்பளவையே எடுக்க வேண்டும். புலம் இருக்கும் இடமும் வளையம் வளைத்த இடமும் ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதி எதுவோ, அதுதான் கணக்கில் சேரும்.

அறிகுறி: அரைக்கோளத்துக்கு விடை இரு மடங்காக வருகிறது

அரைக்கோளத்தின் வளைபரப்பு, அதன் வாய் வட்டத்தின் பரப்பைப் போல் இரு மடங்கு. அந்த வளைபரப்பை அப்படியே புலத்தால் பெருக்கியதன் விளைவு இது. வளைபரப்பின் ஒவ்வொரு துணுக்குக்கும் செங்குத்து வெக்டர் வெவ்வேறு திசையை நோக்குவதால், ஒரே கோசைனைக் கொண்டு முழுப் பரப்பையும் பெருக்க வழியே இல்லை.

இதைத் தொகையீடு இல்லாமலே தீர்க்கலாம். காந்தப் புலக்கோடுகள் எங்கும் தொடங்குவதும் இல்லை, முடிவதும் இல்லை; ஆகவே ஒரே விளிம்பைக் கொண்ட எந்த இரு பரப்புகளின் வழியேயும், செங்குத்துத் திசையை ஒரே போக்கில் தெரிந்துகொண்டால், ஒரே அளவு பாயம்தான் செல்லும். அரைக்கோளத்தின் விளிம்பு ஒரு வட்டம். அந்த வட்டத்தைத் தட்டையாக மூடும் தகட்டுக்குப் பாயம் கண்டால் அதுவே அரைக்கோளத்துக்கும் பாயம். 10 சென்டிமீட்டர் ஆரமும் அச்சின் வழியே 0.2 டெஸ்லா புலமும் இருந்தால் விடை 6.28 × 10⁻³ வெபர். புலம் அச்சுக்குச் சாய்ந்திருந்தாலும் அந்தத் தட்டை வட்டத்துக்கே கோசைனைப் பயன்படுத்தினால் போதும். கூம்பு, கிண்ணம், ஒழுங்கற்ற வலைப்பை என எதுவாயினும் விளிம்பு மட்டுமே முக்கியம். இரண்டாக மடித்த செவ்வக வளையமாக இருந்தால் மடிப்புக்கு இருபுறமும் உள்ள தளங்களுக்குத் தனித்தனியே பாயம் கண்டு கூட்டலாம். இரண்டு செங்குத்து வெக்டர்களும் வளையத்தின் ஒரே பக்கத்திலிருந்து எழ வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

அறிகுறி: மூடிய பரப்பின் மொத்தப் பாயம் சுழியாக வரவில்லை

காந்தவியலில் மூடிய பரப்பின் நிகரப் பாயம் எப்போதும் சுழி. உள்ளே சட்டக் காந்தம் இருந்தாலும் சுழி, மின்னோட்டம் பாயும் சுருள் இருந்தாலும் சுழி. நிலைமின்னியலில் உள்ளே மின்னூட்டம் இருந்தால் மின்பாயம் சுழியாகாது என்று படித்த கையோடு இங்கே வருபவர்கள், காந்தத்துக்கும் அதையே பொருத்திப் பார்க்கிறார்கள். காந்தத்தின் வட முனையிலிருந்து வெளியேறும் கோடுகள் அனைத்தும் வளைந்து தென் முனைக்கே திரும்பி, காந்தத்தின் உட்புறம் வழியாக மீண்டும் வட முனையை அடைகின்றன. ஆகவே பரப்பை விட்டு வெளியேறியது எவ்வளவோ அவ்வளவும் உள்ளே நுழைந்தே தீரும். பரப்பு காந்தத்தை நடுவில் வெட்டிக்கொண்டு வட முனையை மட்டும் சூழ்ந்திருந்தாலும் இதுவே விடை: வெளியே பரவிச் செல்லும் கோடுகளின் பாயம், காந்தத்தின் உள்ளிருந்து வரும் பாயத்துக்குச் சமம்.

இந்த விதியைப் பிழை கண்டறியும் கருவியாகவும் பயன்படுத்தலாம் என்பதே எனக்கு இதில் பிடித்த பகுதி. ஆப்பு வடிவப் பட்டகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் முக்கோண முகத்தில் நிலைக்குத்துப் பக்கம் 30 சென்டிமீட்டர், கிடைப் பக்கம் 40 சென்டிமீட்டர், சாய்வுப் பக்கம் 50 சென்டிமீட்டர். பட்டகத்தின் அகலம் 20 சென்டிமீட்டர். 0.5 டெஸ்லா கிடைப்புலம் நிலைக்குத்து முகத்தின் வழியே செங்குத்தாக நுழைகிறது. அந்த முகத்தின் பரப்பு 0.06 சதுர மீட்டர். புலம் உள்ளே நுழைவதால், வெளிநோக்கிய செங்குத்து வெக்டரைக் கொண்டு பார்த்தால், பாயம் −0.03 வெபர். அடிமுகமும் இரண்டு முக்கோண முகங்களும் புலத்துக்கு இணையாக இருப்பதால் அவற்றுக்குப் பாயம் இல்லை. சாய்வு முகத்தின் பரப்பு 0.1 சதுர மீட்டர். இங்கே சாய்வின் கோணமான 37 பாகையை எடுத்து 0.8ஆல் பெருக்கினால் +0.04 வெபர் வரும், மொத்தம் +0.01 வெபர் என்று எஞ்சும். சுழி வரவில்லை என்ற அந்த ஒன்றே, சாய்வு முகத்தில் கோணம் தவறு என்று சொல்லிவிடுகிறது. சாய்வு முகத்தின் செங்குத்து வெக்டர் புலத்துடன் அமைக்கும் கோணம் 53 பாகை. அதன் கோசைன் 0.6, பாயம் +0.03 வெபர், மொத்தம் சுழி.

மொத்தம் −0.06 என்றோ +0.06 என்றோ வந்தால், நோய் குறியில் இருக்கிறது. மூடிய பரப்புக்குச் செங்குத்து வெக்டரை நம் விருப்பப்படி தெரிந்தெடுக்க முடியாது. எல்லா முகங்களிலும் அது வெளிநோக்கியே இருக்க வேண்டும். ஒரு கோளத்தின் பரப்பு முழுவதிலும் காந்தப்புலம் ஒரே அளவில் வெளிநோக்கி இருக்கிறது என்று தொடங்கும் வினா எங்கேனும் கண்ணில் பட்டால், குற்றம் உங்களுடையதல்ல. அப்படி ஒரு புலம் இருக்க வேண்டுமானால் உள்ளே தனித்த காந்த முனை வேண்டும். அதை எந்த ஆய்வும் இதுவரை உறுதிப்படுத்தவில்லை.

அறிகுறி: நேர்க்கடத்திக்கு அருகில் உள்ள செவ்வகத்துக்கு விடை சற்றே பிசகுகிறது

முழு எண் விகிதம் எதுவும் தோன்றாமல், விடை பத்துப் பதினைந்து விழுக்காடு மட்டும் விலகி நின்றால், சீரற்ற புலத்தைச் சீரானதாகக் கருதியிருக்கிறீர்கள். 5 ஆம்பியர் மின்னோட்டம் பாயும் நீண்ட நேர்க்கடத்தியும், அதே தளத்தில் ஒரு செவ்வக வளையமும் இருப்பதாகக் கொள்வோம். வளையத்தின் 10 சென்டிமீட்டர் நீளப் பக்கங்கள் கடத்திக்கு இணையானவை. அருகில் உள்ள பக்கம் 2 சென்டிமீட்டர் தொலைவிலும் மறுபக்கம் 8 சென்டிமீட்டர் தொலைவிலும் உள்ளன. நடுவில், 5 சென்டிமீட்டர் தொலைவில், புலம் 2 × 10⁻⁵ டெஸ்லா. அதைப் பரப்பளவான 0.006 சதுர மீட்டரால் பெருக்கினால் 1.2 × 10⁻⁷ வெபர் வருகிறது. இரு ஓரங்களின் புலங்களைச் சராசரியாக்கிப் பெருக்கினால் 1.875 × 10⁻⁷ வெபர் வருகிறது. இரண்டும் தவறு.

புலம் தொலைவுக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், கடத்திக்கு அருகே அது செங்குத்தாகச் சரிந்து, அப்பால் மெல்லத் தேய்கிறது. ஆகவே செவ்வகத்தைக் கடத்திக்கு இணையான மெல்லிய பட்டைகளாக வெட்ட வேண்டும். பட்டையின் திசைதான் இங்கே உயிர்நாடி: கடத்திக்கு இணையாக வெட்டினால் ஒரு பட்டை முழுவதும் தொலைவு ஒன்றே, புலமும் ஒன்றே, குறுக்காக வெட்டினால் ஒரே பட்டைக்குள் புலம் மாறிக்கொண்டே இருக்கும், வெட்டியதில் பயனில்லை. பட்டைகளின் பாயங்களைத் தொகையிட்டால், மின்னோட்டத்தையும் நீளத்தையும் 2 × 10⁻⁷ஆல் பெருக்கி, இரு தொலைவுகளின் விகிதமான 4இன் இயல் மடக்கையால் பெருக்கியது கிடைக்கும். இயல் மடக்கை 4 என்பது 1.386, பாயம் 1.386 × 10⁻⁷ வெபர்.

நடுமதிப்பை நம்பும் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்றும் சொல்லிவிடலாம். புலம் தொலைவுக்கு நேர்விகிதத்தில் மாறும் கணக்குகளில் செவ்வகத்தின் நடுமதிப்பு துல்லியமான விடையையே தரும். அங்கே பலித்தது எங்கும் பலிக்கும் என்று எண்ணிவிடுகிறோம். செவ்வகம் அதன் அகலத்தைப் போல் பல மடங்கு தொலைவில் இருந்தால் நடுமதிப்பு நல்ல தோராயம். கடத்திக்கு அருகே அது உதவாது. புலம் நேரத்தோடு மட்டும் மாறி, இடத்துக்கு இடம் மாறாமல் இருந்தால், தொகையீடே தேவையில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கடத்தி வளையத்தின் நடுக்கோட்டின் மேலாக, அதைத் தொடாமல் செல்கிறது என்றால், இருபுறமும் புலம் எதிரெதிர்த் திசைகளில் ஊடுருவுவதால் மொத்தப் பாயம் சுழி.

அறிகுறி: புவிக் காந்தப்புலக் கணக்கில் சுவருக்கும் மேசைக்கும் விடைகள் இடம் மாறுகின்றன

புவியின் காந்தப்புலம் சாய்ந்திருக்கும் அளவான சரிவுக் கோணம் கிடைத்தளத்திலிருந்து அளக்கப்படுகிறது. புலம் 40 மைக்ரோடெஸ்லா, சரிவு 30 பாகை என்றால் கிடைக்கூறு 34.6, நிலைக்குத்துக் கூறு 20 மைக்ரோடெஸ்லா. மேசைப் பலகையை ஊடுருவுவது நிலைக்குத்துக் கூறு. காந்த வடக்கை நோக்கிய சுவரை ஊடுருவுவது கிடைக்கூறு. காந்தக் கிழக்கை நோக்கிய சுவருக்குப் பாயமே இல்லை. புலம் கூறுகளாகவே தரப்பட்ட வினாக்களில் கோணத்தைத் தேடிக் களைக்க வேண்டாம். செங்குத்து வெக்டரின் திசையில் உள்ள கூறை மட்டும் எடுத்துப் பரப்பளவால் பெருக்கினால் வேலை முடிந்தது.

அறிகுறி: சுருளைத் திருப்பியபோது பாயமாற்றம் சுழி என்று வருகிறது

திறந்த பரப்புக்குச் செங்குத்து வெக்டரை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் தெரிந்துகொள்ளலாம், ஆனால் கணக்கு முடியும்வரை அதை மாற்றக் கூடாது. 0.4 டெஸ்லா புலத்தில் 50 சதுர சென்டிமீட்டர் வளையத்தை 180 பாகை திருப்பினால், தொடக்கத்தில் +0.002 வெபராக இருந்த பாயம் முடிவில் −0.002 வெபராகிறது, மாற்றம் 0.004 வெபர். திருப்பிய பிறகு செங்குத்து வெக்டரைப் புதிதாக வரைந்தவருக்கே சுழி வரும். அந்த வெக்டர் வளையத்தோடு ஒட்டியது. வளையம் திரும்பும்போது அதுவும் உடன் திரும்ப வேண்டும்.

இதே சுழற்சிக் கணக்குகளில்தான், பாயம் சுழியாகும் கணத்தில் மின்னியக்கு விசையும் சுழி என்று எழுதுவதும் நேர்கிறது. சீராகச் சுழலும் சுருளில் நிலைமை நேர்மாறானது: பாயம் சுழியைக் கடக்கும் கணத்தில்தான் அது மிக விரைவாக மாறுகிறது, ஆகவே மின்னியக்கு விசை உச்சத்தில் இருக்கும், பாயம் உச்சத்தில் இருக்கும் கணத்தில் மாறும் வீதம் சுழி. ஒரு வெபர் என்பது ஒரு வோல்ட்-வினாடி என்பதை வைத்து விடையின் அலகைச் சரிபாருங்கள்: வெபரை வினாடியால் வகுத்திருந்தால்தான் வோல்ட் கிடைக்கும், வகுக்காமலே வோல்ட் என்று எழுதியிருந்தால் நீங்கள் கண்டது பாயத்தையே.